டிஎன்எஸ் லாகில் ‘அப்டேட் டினைட்’: கண்டுகொள்ளாமல் விடுவதா, கிளையண்ட்டை அடக்குவதா, எழுத அனுமதிப்பதா?

பைண்ட் (பெயர்களுக்கு உரிய ஐபியைச் சொல்லும் டிஎன்எஸ் மென்பொருள்) சர்வர் வைத்திருக்கும் எவருடைய லாகிலும் இந்த வரி இருக்கும்: கிளையண்ட் 192.168.10.57, ஒரு போர்ட் எண், இன்ன சோனுக்கு (ஒரு டொமைனின் பெயர்ப் பட்டியலுக்கு) ‘அப்டேட் டினைட்’, அதாவது எழுத அனுமதி மறுப்பு. காலையில் அலுவலகம் திறந்து கணினிகள் உயிர் பெறும் நேரத்தில் சரமாரியாக வரும், பிறகு நாள் முழுக்க விட்டுவிட்டுத் தூறும். முதல் முறை பார்ப்பவருக்கு யாரோ சர்வரை உடைக்கப் பார்க்கிறார்கள் என்றுதான் தோன்றும். எனக்கு வரும் கேள்விகளும் இரண்டே ரகம். ஒன்று, ‘இது அட்டாக்கா?’ மற்றது, ‘இந்த வரி வராமல் செய்வது எப்படி?’

இரண்டாவது கேள்விக்குக் கூகுளில் ஐந்து விதமான பதில் கிடைக்கும். ஐந்தும் வேலை செய்யும். அதனால்தான் குழப்பம். லாகை அமைதியாக்குவது ஒரு பக்க விளைவு மட்டுமே. உண்மையில் நீங்கள் எடுக்கும் முடிவு, ‘இந்த சோனில் ஒரு பெயரை எழுத யாருக்கு உரிமை?’ என்பது. அதைத் தெளிவாக்கிக்கொண்டால் ஐந்தில் எது உங்களுக்கு என்பது ஏறக்குறையத் தானாகவே விழுந்துவிடும்.

## முதலில், தட்டுவது யார்?

விண்டோஸ் 2000 காலத்திலிருந்து ஒவ்வொரு விண்டோஸ் கணினியும் தன் பெயரையும் ஐபியையும் தானே டிஎன்எஸ்ஸில் பதியப் பார்க்கும். அதற்கான நெறிமுறை 1997இல் வந்த ஆர்எஃப்சி 2136. கணினி தன் முழுப்பெயருக்குரிய எஸ்ஓஏ ரெக்கார்டை (சோனுக்குப் பொறுப்பான சர்வர் எது என்று சொல்லும் பதிவு) கேட்கும். அதில் முதன்மை சர்வர் என்று எழுதியிருக்கும் பெயரைப் பிடித்து, அந்த ஐபிக்கு நேராக அப்டேட் பாக்கெட்டை அனுப்பும். முதலில் கையெழுத்து எதுவும் இல்லாமல் அனுப்பிப் பார்க்கும். மறுக்கப்பட்டால் கெர்பரோஸ் (டொமைன் கணினிகள் டிக்கெட் காட்டி அடையாளம் நிரூபிக்கும் முறை) மூலம் அடையாளம் காட்டி முயலும். அதுவும் முடியாவிட்டால் சில நிமிடம் கழித்துத் திரும்ப வரும். பூட் ஆகும்போது, ஐபி மாறும்போது, எதுவும் மாறாவிட்டாலும் 24 மணி நேரத்துக்கு ஒரு முறை என இது நடந்துகொண்டே இருக்கும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கிளையண்ட்டில் எந்த டிஎன்எஸ் சர்வரை அமைத்திருக்கிறீர்களோ அதற்கு அப்டேட் போவதில்லை, எஸ்ஓஏவில் பெயர் இருக்கும் சர்வருக்குத்தான் போகிறது. ‘இந்த மெஷின்களுக்கு நான் இந்த சர்வரைக் கொடுக்கவே இல்லையே, ஏன் வருகிறது?’ என்று கேட்பவர்களுக்கு விடை இதுதான்.

பைண்ட்டில் நீங்கள் எதுவும் எழுதாவிட்டால் இயல்பு நிலை மறுப்பதுதான். ஆகவே லாகில் இருப்பது பெரும்பாலும் பூட்டு ஒழுங்காக வேலை செய்ததற்கான சாட்சி. ஆனாலும் எல்லா வரியும் ஒன்றல்ல. முடிவெடுக்கும் முன் இவற்றைப் பிரித்துப் பாருங்கள்.

உள் நெட்வொர்க்கின் சாதாரணக் கணினிகள். தொண்ணூறு சதவீதக் கேஸ் இது என்று சொல்ல ஆசைதான், கணக்கு எடுத்தவர் யாருமில்லை. ‘பெரும்பாலும்’ என்று நிறுத்திக்கொள்கிறேன்.

டொமைன் கன்ட்ரோலர். வரியில் இருக்கும் ஐபி உங்கள் ஆக்டிவ் டைரக்டரி (நிறுவனக் கணினிகளையும் பயனர்களையும் நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்ட் அமைப்பு) சர்வருடையது என்றால் இந்தக் கட்டுரையை அப்புறம் படியுங்கள். லாகின் செய்ய வரும் கணினிகள் கன்ட்ரோலரைக் கண்டுபிடிப்பதே எஸ்ஆர்வி ரெக்கார்டுகளை வைத்துத்தான். அவற்றைப் பதிய முடியாமல் நெட்லாகன் சேவை தவிக்கும்போது அந்த சர்வரின் ஈவென்ட் லாகில் 5774 என்ற எண் தெரியும். இதை ‘வெறும் சத்தம்’ என்று அடக்கினால் ஒரு நாள் காலையில் யாராலும் லாகின் செய்ய முடியாது.

தனியார் ஐபிகளின் ரிவர்ஸ் சோன். சோன் பெயர் 168.192.இன்-ஆடர்.ஆர்பா மாதிரி இருந்தால், கணினி தன் பிடிஆர் ரெக்கார்டை (ஐபியிலிருந்து பெயரைச் சொல்லும் பதிவு) பதியப் பார்க்கிறது. நீங்கள் அந்த சோனை உருவாக்கியதே இல்லை என்றாலும் வரும், பைண்ட் தானாகவே அதைக் காலி சோனாக வைத்துக்கொள்வதால். அப்படிச் செய்வது நல்லதும்கூட. உள்ளூரில் பதில் கிடைக்காவிட்டால் இந்தப் பாக்கெட்டுகள் இணையத்துக்கே போகும். அவற்றை உறிஞ்சிக்கொள்வதற்கென்றே உலகம் முழுக்கத் தன்னார்வலர்கள் ஏஎஸ்112 என்ற பெயரில் சர்வர்கள் நடத்துகிறார்கள். அந்த சோன்களின் எஸ்ஓஏவில் முதன்மை சர்வராக எழுதியிருக்கும் பெயர் ‘பிரிசனர்’, அதாவது கைதி. பக்கத்திலேயே ‘பிளாக்ஹோல்’ என்ற பெயரில் இரண்டு. பெயர் வைத்தவருக்கு நல்ல நகைச்சுவை உணர்வு.

வெளியிலிருந்து, பொது ஐபியிலிருந்து. இதுவும் முக்கால்வாசி உங்கள் ஆட்கள்தான். நிறுவன டொமைன் அமைந்த லேப்டாப்பை வீட்டுக்கு எடுத்துப்போனால், அது வீட்டு வைஃபையிலிருந்து உங்கள் பொது சர்வரைத் தேடிப்பிடித்து, ‘என் முகவரி 192.168.1.5, எழுதிக்கொள்’ என்று கேட்கும். உண்மையான எதிரியும் இதே வழியில்தான் வருவான் என்பதால் ஐபியைப் பார்க்காமல் முடிவு கட்டாதீர்கள். லாக் வரியில் பொதுவாக சோனின் பெயர்தான் இருக்கும், எந்தப் பெயரை எழுதப் பார்த்தார்கள் என்பது இருக்காது. டிசிபிடம்ப் போட்டுப் பாக்கெட்டைப் பிடித்தால் தெரிந்துவிடும். பெயர் கணக்குப் பிரிவு லேப்டாப் என்றால் நிம்மதி. டபிள்யூடபிள்யூடபிள்யூ, மெயில், டபிள்யூபிஏடி (பிரௌசர்கள் பிராக்ஸி அமைப்பைத் தேடும் பெயர்) என்று இருந்தால் உட்கார்ந்து பார்க்க வேண்டிய விஷயம்.

## எதை வைத்து எடைபோடுவது?

தேர்வுகளுக்குள் போகும் முன் அளவுகோல்கள். இவற்றுக்கு உங்கள் பதிலை ஒரு தாளில் எழுதிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

- அந்தப் பெயர்கள் யாருக்காவது தேவையா? கணினியைப் பெயர் சொல்லி யாராவது கூப்பிடுகிறார்களா? ரிமோட் டெஸ்க்டாப், மானிட்டரிங், பேட்ச் மேலாண்மை இருந்தால் ஆம். எல்லாரும் பிரௌசரில் மட்டுமே வேலை செய்யும் அலுவலகத்தில் அநேகமாக இல்லை.
- எழுதுபவர் தன்னை எப்படி நிரூபிக்கிறார்? ஐபியை வைத்தா, பகிர்ந்த ரகசியக் கீயை வைத்தா, கெர்பரோஸ் டிக்கெட்டை வைத்தா?
- எழுத அனுமதி பெற்றவர் எவ்வளவு தூரம் எழுதலாம்? தன் பெயரை மட்டுமா, சோன் முழுவதுமா? பலரும் தவறவிடும் அளவுகோல் இது.
- பழைய ரெக்கார்டை யார் கூட்டிப் பெருக்குவது? எழுதுவதற்கு எல்லா முறையிலும் ஆள் உண்டு. அழிப்பதற்குத்தான் ஆள் கிடைக்காது.
- விண்டோஸ் அல்லாதவை எவ்வளவு? லினக்ஸ், பிரிண்டர், கேமரா, ஃபோன்.
- சோன் ஃபைலைக் கையால் திருத்தும் பழக்கம் உண்டா? உண்டு என்றால் கீழே உள்ள சில தேர்வுகள் உங்களைக் கடிக்கும்.

## தேர்வு 1: மறுத்துக்கொண்டே இரு, லாகை மட்டும் ஒழுங்குபடுத்து

எதையும் மாற்றுவதில்லை. மறுப்பு தொடர்கிறது, அந்த வரிகள் முக்கிய லாகிலிருந்து விலகி வேறு ஃபைலுக்குப் போகின்றன. பைண்ட்டில் இதற்கென்றே ‘அப்டேட்-செக்யூரிட்டி’ என்ற லாக் வகை உண்டு. அதைத் தனி ஃபைலுக்குத் திருப்பி, அளவுக்கும் பதிப்பு எண்ணிக்கைக்கும் வரம்பு வைத்தால் போதும்.

பெயர்கள் யாருக்கும் தேவையில்லாத இடத்தில் இதைவிட மலிவான வழி கிடையாது. பொதுவெளியில் இருக்கும் சர்வருக்கும் இதுதான் சரி. உலகம் முழுவதிலிருந்தும் வரும் கிளையண்ட்களை உங்களால் திருத்த முடியாது.

மறைந்திருக்கும் செலவுகள் மூன்று. முதலாவது, பலர் தனி ஃபைல் என்ற சிரமம்கூட எதற்கு என்று அந்த வகையை ‘நல்’ (எதையும் சேமிக்காமல் எறிந்துவிடும்) சேனலுக்கு அனுப்பிவிடுகிறார்கள். மேலே சொன்ன டொமைன் கன்ட்ரோலர் கதை நடப்பது அங்கேதான். வாரம் ஒரு முறை ஐபி வாரியாக எண்ணிப் பார்க்கவாவது அந்த ஃபைல் இருக்கட்டும்.

இரண்டாவது, ஃபெயில்2பேன் ஆசை. மறுக்கப்பட்ட ஐபியைத் தானாகத் தடை செய்துவிடலாமே என்று தோன்றும். இந்தப் பாக்கெட்டுகள் வழக்கமாக வரும் யுடிபியில் அனுப்புநர் முகவரியைப் பொய்யாகப் போடுவது எளிது. உங்கள் கேட்வேயின் முகவரியிலோ வாடிக்கையாளரின் முகவரியிலோ நாலு போலிப் பாக்கெட் வந்தால், நீங்களே அவர்களை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிடுவீர்கள். ஃபெயில்2பேனின் சொந்த அமைப்பு ஃபைலிலேயே இந்த எச்சரிக்கை இருக்கிறது, படிப்பவர்தான் குறைவு.

மூன்றாவது, ‘மறுத்துவிட்டோம், ஆபத்து இல்லை’ என்ற நிம்மதி. 2009இல் வெளியான சிவிஇ-2009-0696 ஓட்டையில், விசேஷமாக வடிவமைத்த ஒரே ஒரு அப்டேட் பாக்கெட் பைண்ட் சர்வரையே நிறுத்தியது. சர்வர் ஏதாவது ஒரு சோனுக்கு முதன்மையாக இருந்தால் போதும். அப்டேட்டை அனுமதித்திருக்கவே வேண்டியதில்லை, அணுகல் கட்டுப்பாடு எழுதியிருந்தும் பயனில்லை. பாக்கெட்டை வாங்கிப் பிரித்துப் பார்த்த பிறகுதான் மறுக்கவே முடியும் என்பதை அது காட்டியது. இந்தத் தேர்வை எடுப்பவர் பைண்ட்டைப் புதுப்பித்து வைப்பதையும் சேர்த்தே எடுக்கிறார்.

## தேர்வு 2: கிளையண்ட் கேட்காதபடி செய்

விண்டோஸில் நெட்வொர்க் அடாப்டரின் ஐபி அமைப்புக்குள், டிஎன்எஸ் தாவலில், இந்த இணைப்பின் முகவரியை டிஎன்எஸ்ஸில் பதிவு செய்யவும் என்ற பொருளில் ஒரு டிக் பெட்டி இருக்கும். அதை எடுத்துவிட்டால் தட்டுவது நிற்கும். டொமைன் இருந்தால் குரூப் பாலிசியில் ஒரே இடத்தில் அணைக்கலாம், இல்லாவிட்டால் பவர்ஷெல் ஸ்கிரிப்ட்.

குரூப் பாலிசி இருக்கிறது என்றால் ஆக்டிவ் டைரக்டரி இருக்கிறது. அது இருந்தால் பதிவை அணைப்பதைவிடச் சரியாக வாங்கிக்கொள்வதே மேல், தேர்வு 4 பாருங்கள். டைரக்டரி இல்லாத இடத்தில் ஒவ்வொரு மெஷினாக உட்கார வேண்டும். அடாப்டர் மாறினால், யுஎஸ்பி ஈதர்நெட் செருகினால், விண்டோஸை மறுபடி இன்ஸ்டால் செய்தால் டிக் திரும்பவும் வந்து உட்கார்ந்திருக்கும். ஆகவே இந்தத் தேர்வுக்குப் பரந்த இடமில்லை என்பது என் கருத்து. நிலையான ஐபி கொண்ட ஐந்தாறு சர்வர்கள் இருந்து, அவற்றின் பெயர்களை நீங்கள் கையால் எழுதியிருந்தால் அங்கே நன்றாகப் பொருந்தும். இரண்டு நெட்வொர்க் கார்டு இருந்து, பேக்கப் அல்லது ஸ்டோரேஜ் பக்கத்து ஐபி தேவையில்லாமல் டிஎன்எஸ்ஸில் ஏறிக்கொள்ளும் சர்வர்களில் அந்த ஒரு கார்டுக்கு மட்டும் கட்டாயம் செய்யுங்கள்.

இதற்கு ஒரு குறுக்குவழியும் புழக்கத்தில் உண்டு: எஸ்ஓஏவில் முதன்மை சர்வர் பெயராக வேறு எதையாவது எழுதிவிடுவது. கிளையண்ட் அங்கே போய் முட்டிக்கொள்ளும், உங்கள் சர்வருக்கு எதுவும் வராது. முதன்மை சர்வரையே வெளியே காட்டாமல் வைத்திருப்பவர்களுக்கு இது இயல்பான அமைப்பும்கூட. ஆனால் நாளைக்கு மனம் மாறி அப்டேட் தேவை என்று வரும்போது, ஏன் ஒன்றும் வந்து சேரவில்லை என்று இரண்டு நாள் தேடப்போவது நீங்கள் அல்ல, உங்களுக்கு அடுத்து வருபவர். எஸ்ஓஏ வரிக்குப் பக்கத்தில் ஒரு கமென்ட் எழுதி வையுங்கள்.

## தேர்வு 3: டிஎச்சிபி சர்வர் எழுதட்டும்

கிளையண்ட் யாரும் நேரடியாக எழுதுவதில்லை. ஐபி கொடுக்கும் டிஎச்சிபி சர்வர், கொடுத்த கையோடு பெயரையும் டிஎன்எஸ்ஸில் எழுதுகிறது. அது டிசிக் எனப்படும் பகிர்ந்த ரகசியக் கீயால் ஒவ்வொரு அப்டேட்டிலும் கையெழுத்துப் போடும். பைண்ட் அந்தக் கீயை மட்டுமே நம்பும். வீட்டுக்கு வீடு ஆள் போய்ப் பத்திரம் பதிவதற்குப் பதில், எல்லாருக்கும் சேர்த்து ஒரே எழுத்தர் பதிவு அலுவலகம் போய் வருவது மாதிரி.

ஆக்டிவ் டைரக்டரி இல்லாமல், லினக்ஸும் விண்டோஸும் கலந்து, பெயர்களும் தேவைப்படும் இடத்துக்கு நான் சொல்வது இதைத்தான். பிரிண்டரோ லினக்ஸோ கேமராவோ, டிஎச்சிபி கேட்டால் பெயர் கிடைக்கும். லீஸ் (ஐபி கொடுத்த காலக்கெடு) முடிந்தால் ரெக்கார்டும் நீங்கும், பெருக்கும் வேலை தனியாக இல்லை. டிஎச்சிபியில் ஆப்ஷன் 81 என்று ஒன்று உண்டு. ‘என் பெயர் இது, நானே பதிந்துகொள்ளவா?’ என்று கிளையண்ட் அதில் கேட்கும். ‘வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று சர்வர் பதில் சொன்னால் ஒழுங்கான கிளையண்ட் ஒதுங்கிக்கொள்ளும். லாக் சத்தமும் அதனால் பெருமளவு குறைகிறது. நிலையான ஐபி மெஷின்கள் மட்டும் தொடர்ந்து தட்டும், அவற்றுக்குத் தேர்வு 2.

இப்போது செலவுகள். இந்த முறையில்தான் அவை அதிகமாக ஒளிந்திருக்கின்றன.

கீயின் எல்லை. இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகளில் பாதி, ‘அலவ்-அப்டேட்’ வரியில் கீயின் பெயரை எழுதிவிட்டு முடித்துவிடும். அப்படிச் செய்தால் அந்தக் கீ சோன் முழுவதிலும் எதையும் மாற்றலாம், மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் ரெக்கார்டு உட்பட. அதற்குப் பதில் ‘அப்டேட்-பாலிசி’ எழுதுங்கள். எந்த வகை ரெக்கார்டு, எந்தப் பெயர் என்று கட்டுப்படுத்தலாம், ‘இந்தப் பெயரை ஒருபோதும் எழுதாதே’ என்று மறுப்பு விதியும் முதலில் வைக்கலாம். ஒரே சோனில் இரண்டையும் சேர்த்து எழுத பைண்ட் விடாது. பழைய வழிகாட்டி எச்மேக்-எம்டி5 கீ போடச் சொன்னால் அதைத் தவிர்த்து ஷா256 எடுங்கள். இரண்டு சர்வரின் கடிகாரமும் ஒத்திருக்க வேண்டும். டிசிக் பரிந்துரைக்கும் சலுகை 300 நொடிதான், அதற்கு மேல் விலகினால் கையெழுத்துச் செல்லாது.

எழுத்தரை ஏமாற்றுவது. டிஎச்சிபி கேட்பவரை அடையாளம் கேட்பதில்லை. யாராவது ஒரு லேப்டாப்புக்கு ‘டபிள்யூபிஏடி’ என்று பெயர் வைத்து ஐபி கேட்டால், உங்கள் டிஎச்சிபி சர்வர் நம்பகமான தன் கீயால் கையெழுத்துப் போட்டு அந்தப் பெயரை எழுதித் தரும். அதன்பின் பிராக்ஸி அமைப்பைத் தேடும் பிரௌசர்கள் அந்த லேப்டாப்பிடம் போய் நிற்கும். மைக்ரோசாஃப்ட் டிஎச்சிபி சர்வரில் இதே பலவீனத்தை எவ்வளவு தூரம் இழுக்கலாம் என்று அகமாய் நிறுவன ஆய்வாளர்கள் 2023 டிசம்பரில் விரிவாகக் காட்டினார்கள். டொமைன் கன்ட்ரோலரிலேயே டிஎச்சிபியும் ஓடினால் நிலைமை இன்னும் மோசம், அங்கே எழுதும் கைக்கு அதிகாரம் மிக அதிகம். எழுதுவதற்கென்று உரிமை குறைந்த தனிக் கணக்கு ஒன்று கொடுப்பது குறைந்தபட்சக் காப்பு.

டிஎச்சிஐடி மோதல். ஒரே பெயரை இருவர் பறிக்காமல் இருக்க, பெயரை எழுதும்போது கூடவே டிஎச்சிஐடி என்ற ரெக்கார்டும் எழுதப்படும், கேட்டவரின் அடையாளத்திலிருந்து எடுத்த ஹேஷ் அது. கையால் எழுதிய சர்வர் பெயரை ஒரு லேப்டாப் பறிக்காமல் காப்பதும் இதுதான், அந்த ரெக்கார்டுக்குப் பக்கத்தில் டிஎச்சிஐடி இல்லாததால் ‘இது என்னுடையது இல்லை’ என்று டிஎச்சிபி சர்வர் கைவைக்காது. ஆனால் நடைமுறையில் வரும் தொல்லை வேறு. ஒரே லேப்டாப், மேசையில் இருக்கும்போது டாக் வழியாகக் கேபிள், மீட்டிங் அறையில் வைஃபை. இரண்டுக்கும் அடையாளம் வேறு. கேபிளில் வாங்கிய பெயரை வைஃபை வழியாக வந்து கேட்டால் ‘வேறொருவருடையது’ என்று மறுப்பு. பெயர் பழைய ஐபியைக் காட்டிக்கொண்டே இருக்கும், ஹெல்ப்டெஸ்க் ஆள் ரிமோட்டில் போய் வேறு யாருடைய திரையையோ பார்ப்பார். சோதனையைத் தளர்த்தும் அமைப்பு உண்டு. தளர்த்தினால் பெயர் பறிப்புக்கும் வழி திறக்கும். லீஸ் நேரத்தைக் குறைப்பது நான் விரும்பும் சமரசம்.

கையால் திருத்தும் பழக்கம். சோன் டைனமிக் ஆனவுடன் பைண்ட் மாற்றங்களை ஜர்னல் ஃபைலில் எழுதி, பிறகு சோன் ஃபைலையே திரும்ப எழுதும். நீங்கள் அழகாக இட்டிருந்த கமென்ட், வரிசை எல்லாம் போய்விடும். இடையில் எடிட்டரில் திறந்து திருத்தினால் இரண்டும் ஒத்துப்போகாமல் சோன் ஏறாமலே போகலாம். ஆர்என்டிசி கட்டளையால் சோனை நிறுத்திவைத்து (ஃப்ரீஸ்), திருத்தி, மறுபடி இயக்கும் (thaw) வரிசையைப் பழக வேண்டும், அல்லது அப்டேட் அனுப்பும் கருவியான என்எஸ்அப்டேட்டுக்கு மாற வேண்டும். இதற்கு நல்ல தீர்வு, டைனமிக் பெயர்களுக்கென்று தனித் துணை சோன். முதன்மை சோன் உங்கள் கையில், துணை சோன் டிஎச்சிபி கையில். கீ திருடு போனாலும் சேதம் துணை சோனோடு நிற்கும். மேலே சொன்ன பாதித் தலைவலி இந்த ஒரு ஏற்பாட்டில் தீர்கிறது.

மென்பொருள் பற்றி ஒரு வார்த்தை. பழைய ஐஎஸ்சி டிஎச்சிபி சர்வரின் பராமரிப்பை ஐஎஸ்சி 2022 முடிவோடு நிறுத்திவிட்டது. புதிதாகத் தொடங்குபவர் அதே ஐஎஸ்சியின் புதிய டிஎச்சிபி சர்வரான கீயாவில் (Kea) தொடங்குங்கள், அதில் டிஎன்எஸ் அப்டேட்டுக்கென்று தனி டீமன் உண்டு. பத்துப் பதினைந்து கணினிதான் என்றால் இவ்வளவும் எதற்கு, டிஎன்எஸ்மாஸ்க் போதும். அதில் டிஎச்சிபியும் டிஎன்எஸ்ஸும் ஒரே புரோகிராம், இடையில் அப்டேட் பாக்கெட்டே கிடையாது.

## தேர்வு 4: கிளையண்ட்டே எழுதட்டும், கெர்பரோஸ் அடையாளத்துடன்

ஆக்டிவ் டைரக்டரி உள்ள இடத்தின் இயல்பான வழி. டொமைனில் சேர்ந்த ஒவ்வொரு கணினிக்கும் ஏற்கெனவே ஒரு கணக்கு உண்டு. அந்த அடையாளத்தை வைத்தே அப்டேட்டில் கையெழுத்திடும் முறை ஜிஎஸ்எஸ்-டிசிக். விண்டோஸ் டிஎன்எஸ்ஸில் சோனின் பண்புகளில் ‘செக்யூர் ஒன்லி’ என்று வைத்தால் முடிந்தது. பைண்ட்டிலும் செய்யலாம், லினக்ஸில் ஆக்டிவ் டைரக்டரி வேலையைப் பார்க்கும் சாம்பாவுடன் பைண்ட்டை இணைத்து ஓட்டுபவர்கள் செய்கிறார்கள். கீடேப் (கெர்பரோஸ் கீயை வைத்திருக்கும்) ஃபைல் அமைத்து, அப்டேட்-பாலிசியில் ‘ஒவ்வொரு மெஷினும் தன் பெயரை மட்டும்’ என்ற விதியை எழுத வேண்டும். தன் பெயரை மட்டும் என்ற அந்தக் கட்டுப்பாடுதான் இந்த முறையின் பலம். எல்லைக் கேள்விக்கு மற்ற எந்தத் தேர்வும் இவ்வளவு சுத்தமாகப் பதில் சொல்வதில்லை.

ஆனால் மைக்ரோசாஃப்ட் டிஎன்எஸ்ஸில் ‘செக்யூர்’ என்ற சொல்லை நம்பி உறங்கிவிடாதீர்கள். அங்கே இயல்பு நிலையில், உள்நுழைந்த எந்தப் பயனரும் சோனில் இதுவரை இல்லாத புதிய பெயரை உருவாக்கலாம். இருக்கும் பெயரை மாற்றத்தான் உரிமை வேண்டும். டபிள்யூபிஏடி, ஐசடாப் ஆகிய இரு பெயர்களுக்கு விண்டோஸ் சர்வர் 2008இலிருந்து தனித் தடைப்பட்டியல் இருப்பதே இந்தக் கவலையால்தான். மற்ற பெயர்களுக்கு அந்தக் காப்பு இல்லை.

அடுத்து உரிமைச் சிக்கல். ஒரு கணினியின் டொமைன் கணக்கை அழித்துவிட்டு அதே பெயரில் புதிதாகச் சேர்த்தால், பழைய ரெக்கார்டின் உரிமை பழைய கணக்கின் பேரில் இருக்கும். புதியது எழுத முயன்று மறுக்கப்படும். பெயர் ஒன்றுதானே என்று நாம் நினைப்போம், டைரக்டரிக்கு அது வேறு ஆள். பழைய ரெக்கார்டை அழிப்பதுதான் மருந்து.

பெருக்கும் வேலையும் தானாக நடப்பதில்லை. ஸ்கேவெஞ்சிங்கை (பழைய ரெக்கார்டுகளைத் தானாக நீக்கும் வசதி) நீங்களே இயக்க வேண்டும், சோனிலும் சர்வரிலும் தனித்தனியாக. இயல்பு இடைவெளி ஏழு நாளும் இன்னொரு ஏழு நாளும். ஒரு நாள் லீஸ் விடும் வைஃபையில் பதினான்கு நாள் பழைய ரெக்கார்டு என்றால், ஒரே ஐபிக்கு நாலைந்து பெயர் குவிந்திருக்கும். டொமைனில் சேராத லினக்ஸ், ஃபோன், பிரிண்டருக்கு இந்தத் தேர்வில் இடமே இல்லை. அவற்றுக்காக டிஎச்சிபி எழுத்தரையும் கூட அமர்த்துகிறவர்கள், ‘டிஎன்எஸ் அப்டேட் பிராக்ஸி’ குழுவில் டிஎச்சிபி சர்வரைச் சேர்த்துவிடுவார்கள். அந்தக் குழு எழுதும் ரெக்கார்டுக்கு உரிமையாளர் காப்பு கிடையாது. குழுவைத் தவிர்த்துத் தனிக் கணக்கைக் கொடுங்கள்.

## தேர்வு 5: ஐபி வரம்பை அனுமதித்துவிடு

‘192.168.10.0 முழுவதற்கும் அலவ்-அப்டேட்’ என்று ஒரே வரி. லாக் அமைதியாகிவிடும், பெயர்களும் பதிவாகும், ஐந்து நிமிட வேலை. எல்லாத் தேடலிலும் முதலில் வந்து நிற்பதும் இதுவே.

செய்யாதீர்கள். அந்த வரம்பில் இருக்கும் எந்தக் கணினியும், அதில் ஓடும் எந்த மால்வேரும், சோனில் எதையும் மாற்றலாம், அழிக்கலாம். யுடிபியில் முகவரியைப் போலியாகப் போட முடிவதால் அந்த வரம்பில் இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. விண்டோஸ் டிஎன்எஸ்ஸில் ‘நான்செக்யூர் அண்ட் செக்யூர்’ என்று வைப்பதும் இதன் உடன்பிறப்பு. வெளியோடு தொடர்பில்லாத சோதனைக் கூடத்தில் மட்டும் மன்னிக்கலாம்.

பிடிஆர் பதிவுக்கு மட்டும் ஒரு நடுவழி உண்டு. பைண்ட்டின் அப்டேட்-பாலிசியில் ‘டிசிபி-செல்ஃப்’ என்ற விதி, டிசிபி வழியாக வந்து, தன் ஐபிக்குரிய பிடிஆரை மட்டும் எழுதக் கேட்பவரை அனுமதிக்கும். டிசிபியில் முகவரியைப் பொய்யாகப் போடுவது யுடிபி அளவுக்கு எளிதல்ல. அதை நான் குறை சொல்லமாட்டேன்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| அளவுகோல் | 1: மறு | 2: கிளையண்ட்டை அணை | 3: டிஎச்சிபி எழுதும் | 4: கெர்பரோஸ் | 5: ஐபி அனுமதி |
|---|---|---|---|---|---|
| பெயர்கள் பதிவாகுமா | இல்லை | இல்லை | ஆம் | டொமைன் கணினிகள் மட்டும் | ஆம் |
| நிரூபணம் | தேவையில்லை | தேவையில்லை | டிசிக் கீ | கெர்பரோஸ் டிக்கெட் | ஐபி மட்டும் |
| எழுதும் எல்லை | எதுவும் இல்லை | எதுவும் இல்லை | பாலிசி எழுதினால் குறுகும் | பைண்ட்டில் தன் பெயர். விண்டோஸில் புதுப் பெயரும் | சோன் முழுவதும் |
| பழைய ரெக்கார்டு | பிரச்சினை இல்லை | பிரச்சினை இல்லை | லீஸோடு போகும் | ஸ்கேவெஞ்சிங் தேவை | குவியும் |
| விண்டோஸ் அல்லாதவை | பொருட்டில்லை | தனித்தனியாக | சேரும் | சேராது | பெரும்பாலும் சேராது |
| கையால் திருத்த முடியுமா | முடியும் | முடியும் | துணை சோன் வைத்தால் முடியும் | கஷ்டம் | கஷ்டம் |
| தொடக்க உழைப்பு | மிகக் குறைவு | டைரக்டரி இல்லையேல் அதிகம் | நடுத்தரம் | இருந்தால் குறைவு, புதிதாக என்றால் மிக அதிகம் | மிகக் குறைவு |

## உங்கள் இடம் எது?

ஹோஸ்டிங் அல்லது பொது டொமைனுக்கான சர்வர் என்றால் தேர்வு 1, வேறு யோசனை வேண்டாம். வெளியே தட்டும் நிறுவன லேப்டாப்களைக் குறைக்க வேண்டுமென்றால், உள்ளுக்கு ஒரு டொமைன் பெயர், வெளிக்கு ஒரு பெயர் என்று பிரித்து வைப்பது நீண்ட கால மருந்து. உள் பெயருக்கு உங்களுக்குச் சொந்தமான டொமைனின் கிளை ஒன்றை எடுங்கள், இல்லாத டொமைனைக் கற்பனை செய்யாதீர்கள்.

டைரக்டரி இல்லாத அலுவலகம், கல்லூரி ஆய்வகம், சிறு தொழிற்சாலை: பெயர் தேவை என்றால் தேர்வு 3, துணை சோனுடன். தேவையில்லை என்றால் தேர்வு 1. ‘பின்னால் தேவைப்படலாம்’ என்பதற்காக இன்றைக்கே டிசிக் கட்ட வேண்டியதில்லை, பின்னால் சேர்ப்பதில் இழப்பு ஒன்றும் இல்லை.

ஆக்டிவ் டைரக்டரி உண்டு, ஆனால் டிஎன்எஸ் மட்டும் பைண்ட்டில் ஓடுகிறது என்பவர்கள்தான் உண்மையிலேயே திண்டாடுபவர்கள். ஜிஎஸ்எஸ்-டிசிக் கட்டிக் காப்பாற்ற ஆள் இருந்தால் தேர்வு 4. இல்லாவிட்டால் டைரக்டரியின் டொமைனை மட்டும் டெலிகேட் செய்து டொமைன் கன்ட்ரோலரின் டிஎன்எஸ்ஸிடமே விட்டுவிடுங்கள், மீதி எல்லாம் பைண்ட்டில் இருக்கட்டும். பைண்ட்காரர்களுக்குக் கௌரவக் குறைச்சலாகத் தோன்றும், எனக்கும் தோன்றியதுண்டு. ஆனால் எஸ்ஆர்வி ரெக்கார்டுகளை நெட்லாகன் எழுதி வைக்கும் ஃபைலிலிருந்து கையால் பைண்ட்டுக்கு நகலெடுத்துக்கொண்டிருப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

எதைத் தேர்ந்தாலும், அமைத்த கையோடு ஒரு சோதனை. அனுமதி இல்லாத ஒரு லினக்ஸ் மெஷினில் உட்கார்ந்து, என்எஸ்அப்டேட்டில் கீ கொடுக்காமல், முதலில் ஒரு புதிய பெயரையும் பிறகு ஏற்கெனவே இருக்கும் ஒரு சர்வரின் பெயரையும் எழுதப் பாருங்கள். இரண்டுக்கும் ‘ரெஃப்யூஸ்ட்’ வர வேண்டும். பிறகு அனுமதி உள்ள கீயை வைத்துக்கொண்டு, அது எழுதக்கூடாத எம்எக்ஸை எழுதப் பாருங்கள். இதற்கும் மறுப்பு வந்தால்தான் உங்கள் பாலிசி நீங்கள் நினைத்தபடி இருக்கிறது. மூன்று முயற்சிக்கும் லாகில் வரி விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுந்திருங்கள்.